அறுபது மணி நேரப் பயன்பாடு

பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதவி ‘கருவிப் பயிற்சியாளர்’. விரிவுரையாளர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘சார்ஜர்’. பாடம் நடத்த ஆளுக்கொரு டேப்லெட், சுருக்கமாக டேப், கொடுத்த நாளிலிருந்து, அவளைக் கண்டால் அவர்கள் கேட்ட ஒரே சந்தேகம் சார்ஜர் எங்கே என்பதுதான்.

படித்தவர்களின் அசிங்கம் எப்படியிருக்கும் என்று அவளைக் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை டேப்புகள் சரிபார்ப்புக்காக அவள் மேசைக்கு வரும். ஒன்றின் திரையில் குழம்பு காய்ந்திருக்கும். இன்னொன்றில் தலைச்சாயம். பொருளாதாரத்துக்காரர் டேப்பின் முதுகில் வைத்துப் பழம் நறுக்கியிருப்பார். ஈரத்துணியால் துடைக்கும்போது குமட்டிக்கொண்டு வரும். துடைத்துக் கொடுத்தால், “இதெல்லாம் கிளாசுக்குச் சரிப்படாதும்மா” என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

விலங்கியல் விரிவுரையாளர் அம்மா மட்டும் வேறு மாதிரி. ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. திரையைத் தொடவே பயந்தவர், மூன்று மாதம் தினமும் வந்து, ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதிக் கற்றார். அவர் ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்த மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. ஐம்பது பேர் வரிசையில் நின்று, ஒரு கண்ணால் எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியாமலே “தெரிஞ்சுது மேடம்” என்று நகர்வார்கள். இப்போது லென்சின் மேல் டேப்பின் கேமராவைப் பொருத்தி, புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாகக் காட்டினார். பத்து நிமிடம் காட்டிவிட்டு அணைத்துவிட்டு, பார்த்ததை வரையச் சொல்வார். அதற்குமேல் அவருக்கு டேப் தேவைப்படவில்லை.

ஆண்டு முடிவில் டீன் அவளை அழைத்தார். “ஒவ்வொரு டேப்பும் அறுபது மணி நேரம் ஓடியிருக்கணும். இல்லைன்னா பயிற்சியே நடக்கலன்னு ஆயிடும். உங்க பர்மனென்ட் ஆர்டரும் இந்த ரிப்போர்ட்டோடதான் போகுது.”

“அவங்க தொடவே மாட்டேங்கிறாங்களே சார்.”

“நீங்க தொடுங்க.”

ஒன்பது வருட ஒப்பந்த வேலை. வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். “முதல்ல பர்மனென்ட் ஆகட்டும். நேர்மையை அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிப் போயிடாது” என்றான்.

அப்டேட் செய்ய வேண்டும் என்று பொய் சொல்லி முப்பத்தொன்பது டேப்புகளை வாங்கினாள். மூன்று வாரம், கதவைச் சாத்திக்கொண்டு, நீள மேசையில் அவற்றைப் பரப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து நடந்து பக்கம் தள்ளினாள். திரை எரிந்தால்தான் நேரம் ஏறும்; கடைசித் திரையைத் தள்ளி முடிப்பதற்குள் முதல் திரை மங்கத் தொடங்கும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தன் விரலைப் பார்க்கவே அருவருப்பாக வந்தது. விலங்கியல் அம்மாவின் டேப் மட்டும் அந்த மேசைக்கு வரவில்லை. அது வகுப்பில் இருந்தது. அதையும் கொண்டுவரச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

மேலிடத்திலிருந்து பட்டியல் வந்தது. முப்பத்தொன்பது பேர் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். முதலிடம் பொருளாதாரத்துக்காரர். கடைசி இடம், பத்தொன்பது மணி நேரத்தோடு, விலங்கியல். கடைசியில் இருப்பவரிடமிருந்து கருவியைத் திரும்பப் பெற்று, முதலிடத்தில் இருப்பவருக்கு இரண்டாவதாக வழங்கவும் என்று உத்தரவு. போய் வாங்கிவர வேண்டியவள் அவள்தான். அவளுடைய நிரந்தர ஆணையும் அதே உறையில் இருந்தது.

ஆய்வகத்தில் அந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு டேப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“நான் எங்கயாவது தப்பா அழுத்திட்டேனாம்மா? நேரம் ஏறாமப் போயிடுச்சா?”

அவள் டேப்பை அணைத்தாள்.

“ஆமா மேடம். செட்டிங்ல ஏதோ தப்பாயிருக்கு.”

“எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்குடுத்த. உன் பேரைக் கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா.”

“பரவாயில்ல மேடம்” என்று அவரை மன்னித்துவிட்டு, அவள் டேப்போடு வெளியே வந்தாள்.