ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஒரு கொரியா போன்

போன வருஷம் மழை விட்ட சமயம். ஆழ்வார்பேட்டையில ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்துட்டு அடையாறுக்குப் போன வழியில நடந்தது இது. நான் மயிலாப்பூர்க்காரி. கொரியன் சீரியல் பைத்தியம் முத்திப்போய், வகுப்புக்கெல்லாம் போய் அந்த மொழியைக் கத்துக்கிட்டேன். சென்னையில இருக்கிற கொரியாக்காரங்களோட ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு போய் மொழிபெயர்க்கிறதுதான் இப்ப என் வேலை. வாயாடிக்கு ஏத்த வேலைன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க.

அப்படி எனக்குப் பழக்கமான ஒரு கொரியாக்காரம்மாதான் அவங்க. அவங்க நாட்டுல பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து அணியில பல வருஷம் ஆடினவங்க. என்னைவிட ஒரு முழம் உயரம். முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. குணமாகி வா, உன் இடம் இருக்குன்னு சொல்லித்தான் கோச் அனுப்பியிருந்தார். புருஷனுக்கு இங்க கார் கம்பெனியில வேலை, அதனால மிச்ச சிகிச்சை சென்னையில. ஸ்கூல் முடிச்ச கையோட அணி ஹாஸ்டலுக்குப் போனவங்க. இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுன்னு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாங்க, ஏதோ உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி.

அவங்களுக்குக் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தது அடையாறுல இருக்கிற ஒரு பிசியோதெரபி பொண்ணு. பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிற குடும்பத்துல பிறந்து படிச்சு வந்தவ. "வலிச்சா சொல்லச் சொல்லுக்கா, ஆனா வலிச்சாலும் நா வுட மாட்டேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே படுத்துவா. இவங்களும் கண்ணுல தண்ணி வழிய, இன்னொரு தடவைன்னு விரலைக் காட்டுவாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது, ஆனா அப்படி ஒரு ஒட்டுதல்.

அன்னிக்கு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு, தாராளமா ஆடலாம்னு சொல்லிட்டார். நான் சொன்னதும் நம்பாம, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. கார்ல ஏறினதும் முதல் வேலையா கோச்சுக்குப் போன் போட்டாங்க. அந்த சந்தோஷத்தை நானும் கேக்கணுமாம், ஸ்பீக்கர்ல வெச்சாங்க.

கோச் அன்பாத்தான் பேசினார். சென்னையில வெயில் எப்படின்னு விசாரிச்சார். கால் சரியானது ரொம்ப சந்தோஷம்னார். அப்புறம் கொஞ்சம் இழுத்தார். உன் இடத்துக்கு ஒரு சின்னப் பொண்ணை எடுத்தாச்சு, நிர்வாகத்தோட முடிவு, இனிமே புருஷனோட நிம்மதியா இரும்மான்னார். இவங்க ஒவ்வொண்ணுக்கும் சரிங்க, புரியுதுங்கன்னு போனுக்கே தலைகுனிஞ்சாங்க. பெரியவங்ககிட்ட பேசறப்ப அது அவங்க வழக்கம். கடைசியில நன்றி வேற சொன்னாங்க. குணமான காலை வெச்சுக்கிட்டு இனிமே எங்க போவாங்க?

சிக்னல்ல வண்டி நின்னுது. டிரைவருக்கு ஒண்ணும் புரியலை, ஏசியைக் கூட்டட்டுமாம்மான்னு கேட்டார். கூட்டுங்கன்னு சொன்னேன்.

அடையாறுல அந்தப் பொண்ணு வாசல்லயே காத்துக்கிட்டிருந்தா. "இன்னாக்கா, ஆடலாமா? டீமுக்குப் போறாங்களா?"

இவங்களுக்கு அந்தக் கேள்வி புரிய மொழி தேவைப்படலை. என்னைப் பார்த்து மெதுவா கொரியன்ல சொன்னாங்க: "அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்கன்னு சொல்லு. இவ பட்ட பாடு வீணாப் போச்சுன்னு தெரிய வேணாம்."

சொன்னேன். அவங்க சொன்னதைச் சொல்றதுதானே என் வேலை. அந்தப் பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிட்டு, அவங்க நெஞ்சுல முகத்தைப் புதைச்சு அழுதுட்டா. இவங்க முதுகைத் தட்டிக் கொடுத்துக்கிட்டு சிரிச்சாங்க. என் பக்கம் திரும்பவே இல்லை.

அவங்க எங்கேயும் போகலை. புருஷனோட இங்க சென்னை ஃப்ளாட்லயேதான் இருக்காங்க. அந்தப் பொண்ணு கண்ணுல பட்டுடுவோமோன்னு பயந்து, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போறதைக்கூட விட்டுட்டாங்க. நான் போனா கதவைத் திறந்து டீ கொடுப்பாங்க, பேச்சு அதிகம் இருக்காது. அந்தப் பொண்ணோ எனக்குப் போன் பண்ணி, மேட்ச் எந்த சேனல்ல வரும், எங்க ஏரியாவே பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நானும் எதையாவது சொல்லி சமாளிக்கிறேன்.

ஒருத்தரோட வாழ்க்கையையே நல்ல வார்த்தையா சொல்லி, மரியாதையா முடிச்சு அனுப்பிட முடியும்னு அன்னிக்கு என் காதாலேயே கேட்டேன். அந்த மொழி எனக்குத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதான்னு இன்னிக்கும் தோணுது.