கடிபட்ட கை

மூக்குப்பேணியில், அதாவது குழாய்மூக்கு வைத்த பித்தளைக் குவளையில், தண்ணீர் குடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாய் படக்கூடாது. அண்ணாந்து, பேணியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அதன் மூக்கு வழியாக விழுகிற தண்ணீரை நேரே தொண்டைக்குள் விடவேண்டும். அப்படிக் குடிக்கும்போது தொண்டை மேலேறி இறங்குவது எதிரே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் பார்த்தேன். ஒன்பது வயதில், பத்து நாட்கள், சோறு தண்ணீர் மறந்து என் மாமியின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேணி இன்று என் அலுமாரித் தட்டில் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று அதை அடிக்கடி கறுக்கவைக்கும். புளி போட்டுத் தேய்க்க இப்போது எனக்குக் கை ஏலாது.

மாமி என் ஐயாவின், அதாவது அப்பாவின், தங்கை. அப்போது அவவுக்கு முப்பது வயதிருக்கும். பம்பலப்பிட்டியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தா. கலியாணப் பேச்சுகள் வருவதும் போவதுமாக இருந்ததால் எங்கள் வீட்டிலேயே இருந்தா. நாய் என்றால் அவவுக்கு ஆகாது. எங்கள் ஜிம்மி குசினி வாசலில் மூக்கை நீட்டினால் போதும், உள்ளேயிருந்து அகப்பை பறந்து வரும். "நாயை நடுவீட்டில வச்சால் அது வாலைக் குழைச்சுக்கொண்டு வெளியில தான் ஓடும்" என்று பழமொழியைத் தன் வசதிக்குத் திருத்திச் சொல்லுவா. ஆனால் சோறு மிஞ்சாத நாட்களில் ஜிம்மியின் சட்டியில் எப்படிச் சோறு இருந்தது என்பதை அம்மாவும் நானும் கேட்டதில்லை.

ஜிம்மிக்கு விசர் பிடித்தது ஒரு மழைக்காலத்தில். ரயில் பாதை ஓரமாகத் திரிந்த ஏதோவொரு வெறிநாய் கடித்திருக்கவேண்டும். முதல் நாள் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் என்னையே அடையாளம் தெரியாமல் உறுமினான். மூன்றாம் நாள் ஒரு பொலிஸ்காரர் துவக்கோடு வந்தார். நான் கட்டிலுக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். பொத்தினால் மட்டும் கேட்காமல் விடுமா? கிணற்றடியில் கேட்ட அந்த ஒரு வெடி இன்னும் கேட்கிறது.

அதோடு முடியவில்லை. என் கையில் சிரங்கு இருந்தது, ஜிம்மி அதை நக்கியிருந்தான். ஆகவே எனக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மாமிதான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. ஒருநாள் நாங்கள் வாங்குப் பலகையில் காத்திருந்தபோது ஒரு மனிதரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தாகமாக இருக்கும் என்று அவருடைய மகன் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினான். தண்ணீரைக் கண்டதும் அந்த மனிதருடைய தொண்டை இறுகி, உடம்பே வில்லாக வளைந்தது. அப்படியொரு அலறல் நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. மாமி என் முகத்தைத் தன் சீலைக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டா. அவவுடைய நெஞ்சு படபடவென்று அடித்தது எனக்குக் கேட்டது. ஊசி போட்ட டொக்டரிடம் மாமி கேட்டா, கடித்த நாய்க்கு விசரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. "பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்கோ. பத்தாம் நாளும் நாய் உயிரோட இருந்து சாப்பிட்டால் பயமில்லை" என்றார் அவர்.

அதன் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. அம்மா நேர்த்தி வைத்தா, நூல் கட்டுவித்தா. ஐயா தன் வழியில் ஒரு வைத்தியம் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. நாலு மாதக் குட்டியொன்றை மூடி போட்ட பனையோலைப் பெட்டியில் வைத்து, ட்ராமிலும் ரயிலிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு மண்ணிற மூக்கும் ஒரு வெள்ளைக் காலும் வெளியே வந்தன. அம்மா என்னை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பட்டது போதாதே?"

ஐயா கதவுக்கு வெளியே நின்று வாக்குக் கொடுத்தார். "ஆரிலயாவது அதின்ர பல்லுப் பட்டுதெண்டால், அண்டைக்கே பொலிசைக் கூப்பிட்டுக் குடுத்துவிடுவன். இது சத்தியம்."

அந்தச் சத்தியத்தின் மேல்தான் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வரவேற்பு என்றால் அவ்வளவுதான். பேர் வைக்கவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டா, பேர் வைத்தால் பாசம் வந்துவிடுமாம். குட்டி என்றே கூப்பிட்டோம். நான் முதல் ஒரு கிழமை அதைத் தொடவே இல்லை. அது கிட்ட வந்தால் வாயோரம் நுரை இருக்கிறதா என்று பார்ப்பேன், சட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? ஒருநாள் பின்னேரம் நான் படியில் இருந்து பாடம் படிக்கையில், வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்து நித்திரையாகிவிட்டது. கால் விறைத்துப் போகும்வரை நான் அசையவில்லை. அன்றிரவு இரண்டு தரம் சோறு கேட்டேன். மாமி என் கோப்பையில் போட்டுக்கொண்டே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா. அழுதா என்று இப்போது விளங்குகிறது.

பாசம் வந்தவுடன் பயம் இரட்டிப்பானது. ஒருநாள் நான் படலையைச் சாத்த மறந்துபோனேன். குட்டி ரயில் பாதைப் பக்கம் ஓடிப்போய், மத்தியானம் காதில் கீறலோடு திரும்பி வந்தது. முள்ளா, கம்பியா, வேறு நாயின் பல்லா? மாமியும் நானும்தான் கண்டோம். மாமி மஞ்சள் பூசிவிட்டா. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு காகம் எங்கிருந்தோ எலும்பொன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டது. குட்டி கவ்விக்கொண்டது. தொண்டையில் குத்திவிடும் என்று மாமி குனிந்து அதைப் பறிக்கப்போனா. ஒரு உறுமல், ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். மாமியின் வலதுகைப் பெருவிரலடியில் இரண்டு பொட்டுகளாக இரத்தம் வந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். மாமி மற்றக் கையால் என் வாயைப் பொத்தினா.

"ஐயாவுக்குச் சொல்லாதை. சொன்னால் இண்டைக்கே குட்டியைக் கொண்டுபோவினம். கேட்டியே?"

கிணற்றடிக்குப் போய் காபோலிக் சவர்க்காரம் போட்டுக் கழுவினா, கழுவிக்கொண்டே இருந்தா. பிறகு துணி சுற்றிக்கொண்டு உள்ளே போய், "மச்சாள், திருவலை வெட்டிப்போட்டுது" என்று அம்மாவிடம் சொன்னா. தேங்காய் துருவப்போய் கையைக் கிழித்துக்கொள்வது எந்த வீட்டிலும் நடப்பதுதானே. "பார்த்துத் துருவுறதுக்கென்ன?" என்று அம்மா ஏசிவிட்டு விட்டுவிட்டா. அன்று முதலாம் நாள்.

கணக்கு ரீச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வரை எண்ணத் தெரியாதா! என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டேன். காலையில் எழுந்ததும் குட்டியின் தண்ணீர்ச் சட்டியைப் பார்ப்பேன். பிறகு மாமி பேணியைத் தூக்கும்வரை குசினி வாசலில் நிற்பேன். தண்ணீர் விழும், தொண்டை ஏறும், இறங்கும். அப்பாடா என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் கண்ட மனிதரின் வளைந்த உடம்பில் மாமியின் முகம் கனவில் வரும். ஐயாவிடம் சொன்னால் மாமிக்கு ஊசி போடுவார்கள், மாமி தப்புவா. ஆனால் கிணற்றடியில் இன்னொரு வெடி கேட்கும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை என் மனம் பாதியில் நிறுத்திவிடும்.

ஆறாம் நாள் காலையில் குட்டி சாப்பிடவில்லை. வாய் திறந்தபடி தொங்கியது, வீணீர் நூலாக வடிந்தது, தண்ணீர்ச் சட்டிக்குக் கிட்டப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அம்மா "ஐயோ, முருகா!" என்று கைக்குழந்தையாயிருந்த என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் உள்ளே கதவைப் பூட்டினா. ஐயா குட்டியை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். மாமிதான் பின் கதவால் இறங்கி மரத்தடிக்குப் போனா, நானும் பின்னால் போனேன். அவ சற்று நேரம் குட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு வலதுகையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தா.

"மாமி, வேண்டாம்! வேண்டாம் மாமி!"

"ஏற்கெனவே கடிபட்ட கைதானே. இனியென்ன?"

சொல்லிவிட்டு அந்தக் கையைக் குட்டியின் வாய்க்குள் விட்டா. குட்டி முனகியது, பல்லுகள் அவவுடைய விரலில் உரசின. நான் கண்ணை மூடவில்லை, மூடப் பயமாக இருந்தது. மாமி எதையோ பிடித்து இழுத்தா. மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லுகளுக்கும் குறுக்காக இறுகியிருந்த எலும்புத் துண்டு ஒன்று கையோடு வந்தது. அதுவும் காகத்தின் வேலைதான்.

"அண்டைக்கு எலும்பைப் பறிச்சனெண்டு கடிச்சாய், மூதேவி. இண்டைக்குப் பறி பறியெண்டு வாயைத் திறந்துகொண்டு நிக்கிறாய்" என்று மாமி சிரிக்கவும் அழவும் தொடங்கினா. குட்டி சட்டிக்குள் தலையை விட்டுச் சளக் சளக்கென்று குடித்தது. ஐயா பொலிஸ்காரரோடு வந்து சேர்ந்தபோது மாமி எலும்பை நீட்டிக் காட்டினா. பொலிஸ்காரர் தலையிலடித்துச் சிரித்துக்கொண்டு போய்விட்டார். மாமியின் கையிலிருந்த இரண்டு பொட்டுகளை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆனால் ஆறு என்பது பத்து அல்லவே. எட்டாம் நாள் பின்னேரம் மாமி பள்ளிக்கூடத்தால் வந்து பேணியைத் தூக்கினா. நான் வாசலில் நின்றேன். தண்ணீர் விழுந்தது, தொண்டை ஏறியது, இறங்கவில்லை. புரைக்கேறி மாமி இருமினா, மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது, பேணி நிலத்தில் விழுந்து உருண்டது. மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அந்தக் கண்ணில் இருந்ததை நான் யாருடைய கண்ணிலும் திரும்பக் காணக்கூடாது.

நான் ஓடினேன். விறாந்தையில் ஐயா சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியில் நின்றது.

"என்ன பிள்ளை?"

முற்றத்தில் குட்டி என்னைக் கண்டு வாலை ஆட்டியது.

"ஒண்டுமில்லை ஐயா."

ஐயா பேப்பரைத் திருப்பினார். நான் திரும்பிப் போனபோது மாமி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தா. பிறகு பேணியை மறுபடி நிரப்பி, மிக மெதுவாக, ஒரு முழுப் பேணித் தண்ணீரையும் குடித்துக் காட்டினா. வெறும் புரைதான். ஒன்பதாம் நாள் போனது. பத்தாம் நாள் குட்டி சோற்றைச் சட்டியோடு உருட்டித் தின்றது. நான் பத்தாவது கோட்டைப் போட்டுவிட்டு, மாமியின் மடியில் விழுந்து விக்கி விக்கி அழுதேன். "சரி, சரி, முடிஞ்சுது" என்று மாமி முதுகைத் தடவினா. அதற்குப் பிறகு அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

குட்டி கிழடாகிச் செத்தபோதும் அதற்குப் பேர் குட்டிதான். வெள்ளைக்காரன் அதற்குள் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான், எனக்கும் கலியாணம் பேசியாகிவிட்டது. முருங்கையடியில் அதைப் புதைத்துவிட்டு வந்து குசினிப் படியில் மாமியும் நானும் இருந்தோம். மாமி தன் வலதுகையைத் திருப்பிப் பார்த்தா. இரண்டு வெள்ளைப் பொட்டுகள்.

"எட்டாம் நாள் நீ ஐயாவின்ர கதிரையடியில போய் நிண்டாய், ஞாபகம் இருக்கே? நான் கதவுக்குப் பின்னால நிண்டனான்" என்றா. "சொல்லு பிள்ளை, சொல்லு பிள்ளை எண்டு மனசுக்குள்ள மண்டாடிக்கொண்டு நிண்டனான்."

"அப்ப நீங்கள் ஏன் மாமி சொல்லேல்லை?"

"நான் சொல்லிக் குட்டியைச் சாகக் குடுத்திருந்தால் பிறகு உன்ர முகத்தைப் பார்க்க ஏலுமே? நீயாச் சொன்னால் அது வேற." கையிலிருந்த பொட்டுகளை மற்றக் கைவிரலால் தடவினா. "சாகப் பயமாத்தான் இருந்தது பிள்ளை. நல்லாப் பயமா இருந்தது."

நான் குட்டியைத் தெரிந்தெடுத்தேன். அது அவவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் திரும்பி வந்து அந்த முழுப் பேணியையும் எனக்காகக் குடித்துக் காட்டியிருக்கிறா. எழுந்து போய்ப் பேணியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டுவந்து நீட்டினேன். மாமி அண்ணாந்து குடித்தா. நான் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"இறங்குது பிள்ளை. பார்த்தது போதும், இறங்குது."

மாமியும் போய் எவ்வளவோ காலம். இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் கிளாசில் வாய் வைத்துத்தான் குடிக்கிறார்கள். பேணி தட்டில் கறுத்துக் கிடக்கிறது. ஆனாலும் யார் தண்ணீர் குடித்தாலும் நான் கதையை நிறுத்திவிட்டு, அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.