ஐந்து வாட்டில் பிரேசில்

போட்டியின் இரண்டாம் நாள் என் ரேடியோவுக்குக் காது அடைத்துவிட்டது.

அமெச்சூர் ரேடியோ என்பது சொந்தக் காசில் கத்தும் வேலை. அதுவும் ஐந்து வாட் என்றால் சாமி மேடை பல்பின் பலம். அதை வைத்துக் கத்துகிற சக பாவிகளுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு நாளில் எத்தனை நாட்டைப் பிடிக்கிறோம் என்பதுதான் போட்டி. எனக்குப் பிரேசில் மட்டும் சிக்கியதே இல்லை. இந்தத் தடவையும் தவறினால் ஏரியல் கம்பத்தைப் பிடுங்கிவிடுவதாக வீட்டில் வாய் விட்டிருந்தேன்.

நம்பர்

ஆள் கிடைத்தால் இரண்டு எண் சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்கிறது என்பதற்கு ஐந்து-ஒன்பது. எங்கள் வட்டாரத்துக்கு இருபத்தெட்டு. முதல் நாள் தாய்லாந்து, இந்தோனேசியா என்று பக்கத்து நாடுகளிடம் இதையே கத்தினேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ மோய் வாசல் கேட்டுக்கு வந்து நின்றாள். நம் ஆட்களோடு எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டியவள். தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவாள்.

"அண்ணே, நேத்து முழுக்க அஞ்சு ஒம்பது ரெண்டு எட்டுன்னு கத்துனீங்க. நாலு நம்பர் லாட்டரிக் கடையில அதத்தான் எடுத்தேன், வரல. இன்னிக்காவது வேற நம்பர் கத்துங்கலா!"

மலை

அன்று கத்தவே வழியில்லை. காலையிலிருந்து ரேடியோவில் 'கர்ர்ர்' மட்டும்தான். சித்தியவானில் இருக்கும் சக பாவி முனியாண்டிக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பல மடங்கு பவர் வைத்திருப்பவன். பிரேசிலை முதல் நாளே முடித்துவிட்டான். யோசனை கேட்டேன்.

"அண்ணே, அஞ்சு வாட்டுக்கு ரேடியோ எதுக்கு? உங்க செமோர்லதான் சுண்ணாம்பு மலை இருக்கே, மேல ஏறிக் கூப்பிடுங்க. அது தூரமா போகும்."

பெட்டி

போனை வைத்தேன். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கர்ர்ர் எங்கிருந்து வருகிறது என்று வீடு முழுக்கத் தேடி நடந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து இல்லை. தானாகத் திறக்கும் ஆட்டோகேட்டிலிருந்தும் இல்லை. சாமி மேடை முன்னால் வந்ததும் அலறியது. பிளக்கில் மாட்டினால் ஓயாமல் மந்திரம் சொல்லும் பெட்டி. காலையில்தான் மகள் ஈப்போவிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள். பிளக்குக்குக் கையை நீட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"சாமி கேட்டுக்கிட்டு இருக்கு. அணைச்சீங்க, ராத்திரிச் சோத்த கடையில தின்னுக்குங்க."

பாட்டு

சாயங்காலம். பிரேசில் கேட்கிற நேரம், போட்டியும் முடியப்போகிறது. நான் கர்ர்ர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி என் மூஞ்சியைப் பார்த்தாள். போய் பிளக்கைப் பிடுங்கினாள். "சாமிய சும்மா உக்கார வைக்கக் கூடாது. நான் பாடுறேன், சீக்கிரம் முடிங்க." மேடை முன்னால் சம்மணம் போட்டுத் தேவாரம் எடுத்தாள். எட்டுக்கட்டைத் தொண்டை.

கர்ர்ர் நின்றது. பிரேசில்காரன் ஒருவன் பளிச்சென்று வந்தான். கூப்பிட்டேன், காதில் வாங்கவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன், ஊஹூம். மேடை அடுத்த அறையில், கதவு திறந்து கிடந்தது. தேவாரம் மைக்கில் ஏறுகிறது! ரேடியோவில் பாட்டுப் போனால் லைசன்ஸ் போகும். நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினேன். அவள் சாமியைத்தான் பார்த்தாள்.

"ஒரு அம்மா பாடுற ஸ்டேஷன், திரும்பக் கூப்பிடு" என்றான் பிரேசில்காரன், ஆங்கிலத்தில். கூப்பிட்டேன். என் நம்பரை அரைகுறையாகப் பிடித்து எழுதிக்கொண்டான். போகிற போக்கில் சொன்னான்:

"உன் குரல் தேறாது. ஐந்து-ஒன்பது அந்த அம்மாவுக்கு."

கம்பம் நிற்கிறது, ஆனால் பிரேசிலைப் பிடித்தவர் பெயரை என் லைசன்ஸில் தேடாதீர்கள், அவர் பெயர் சரோஜா.