கட்டிலுக்கடியில் லேப்டாப்கள்

என் இளைய மருமகள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். ஓர் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளில் ஒரு பங்கு அவளுக்கு வரும். "லேப்டாப்ல வைஃபையே காட்ட மாட்டேங்குது" என்பவர்கள் அதில் பாதிப் பேர். இதற்கு முன்பு பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் இருந்தாள். "எந்த பஸ்?" என்று கேட்கமாட்டாள், "எங்க இறங்கணும்?" என்றுதான் கேட்பாள். கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது.

பழுது பார்க்கும் கடைகள் கழித்துப்போட்ட லேப்டாப்களை வாங்கித் தன் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஒன்றுக்கும் உயிர் கிடையாது. அழைப்பவர் தம்முடையது எந்த மாடல் என்று சொன்னதும், அதைப் போன்ற ஒன்றை உருவி மடியில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல விரலால் தடவிக்கொண்டே போவாள்.

"கட்டிலுக்கு அடியில சுடுகாட்டை வெச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குறியோ" என்பாள் என் மனைவி.

"அதுங்க பேசாது அத்தை. அதான் நல்லாத் தூக்கம் வருது."

ஒரு நாள் அவளுடைய ஹெட்போன் பழுதாகிவிட்டது. ஸ்பீக்கரில் பேசினாள். அறைக் கதவு திறந்திருந்ததால் கூடத்தில் இருந்த எங்களுக்கும் எல்லாம் கேட்டது, அவளும் தெரிந்தாள். நான் எழுதுவது அப்படிக் கண்டதையும் கேட்டதையும்தான்.

அழைத்தவர் முடிதிருத்தும் கடைக்காரர். கால் முறிந்து மாவுக்கட்டோடு இருந்தார். அன்று அவர் மகளுக்கு வேறு ஊரில் பதிவுத் திருமணம். வீட்டார் எல்லாரும் போய்விட்டார்கள். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கடையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு மகள் கையெழுத்துப் போடுவாள். அதற்கு அரைமணி நேரம்கூட இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சும்மா. இப்ப வைஃபை லிஸ்ட்ல ஒரு பேரும் காட்டல. எதிர்க்கடைக்காரன் பேர்கூட இல்ல."

"அப்ப உங்க வைஃபை பெட்டி மேல தப்பில்லைங்கய்யா. லேப்டாப்தான் கண்ணை மூடிக்கிட்டிருக்கு. திறந்துடலாம்."

அணைத்துப் போடச் சொன்னாள். போட்டார். திரையில் வைஃபையை ஆன் செய்யச் சொன்னாள். தட்டினாலும் ஆன் ஆகவில்லை. இந்த இடத்தில், "நாளை மறுநாள் ஆள் அனுப்புகிறோம்" என்று சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பேச்சை முடிக்கும்படி மேலதிகாரியிடமிருந்து திரையில் தகவலும் வந்தது. அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போகட்டும் விடும்மா. என் தலையெழுத்து."

"மொபைல் இருக்குங்களா?"

"இல்லம்மா, கடை ஃபோன்தான். குரலைக் கேட்டு என்ன பண்ண? மொகத்தைப் பாக்கணும்."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் எடுத்து வைத்திருந்த அதே மாடல் லேப்டாப்பின் விசைகளைத் தடவினாள். ஸ்பீக்கரில் 'சரக் சரக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. எனக்கும் கேட்டது, நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஐயா, அது என்ன சத்தம்?"

"பிரஷ்ஷும்மா. கழுத்துல முடி தட்டுவமே, அது. கை சும்மா இருக்க மாட்டேங்குது, கீபோர்டைத் தட்டிக்கிட்டிருக்கேன்."

"எப்பவும் தட்டுவீங்களா?"

"தட்டாம? முடி விழுற கடையாச்சே! இன்னைக்கு விசேஷமாச்சேன்னு துணியை வெச்சு ஓரமெல்லாம் அழுத்தித் துடைச்சேன். சம்பந்தி வீட்டுக்காரங்க பாப்பாங்கல்ல?"

"அவங்க பாக்கப்போறது இவரு மூஞ்சியை. லேப்டாப்பையா பாக்கப்போறாங்க?" என்றாள் என் மனைவி என்னிடம்.

மருமகள் சிரிக்கவில்லை. நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, மடியிலிருந்த செத்த லேப்டாப்பை அவரைப் போலவே அழுத்தித் துடைத்தாள். வலது ஓரம், இடது ஓரம், பிறகு முன் ஓரம். அங்கே கை நின்றது.

"ஐயா, உங்க வயித்தைப் பாத்த பக்கம், அந்த ஓரத்தை நகத்தால தடவுங்க. நகர்ற மாதிரி ஏதாவது மாட்டுதா?"

"ஆமா... சின்னதா ஒண்ணு இருக்கு."

"அது வைஃபைக்கான ஸ்விட்ச். மறுபக்கமாத் தள்ளிவிடுங்க."

என் மனைவி கூடத்திலிருந்து எழுந்து அறை வாசலுக்கே போய்விட்டாள்.

"வந்துடுச்சும்மா! எதிர்க்கடைக்காரன் பேர்தான் முந்திக்கிட்டு வருது! என்னுதும்... என்னுதும் வந்துடுச்சு!"

துடைக்கும்போது அந்த ஸ்விட்சைத் தள்ளி அணைத்தது அவரேதான். மருமகள் அதைச் சொல்லவில்லை. "கடையை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கய்யா. அந்த முன் ஓரத்தை மட்டும் இனிமே லேசாத் துடைங்க" என்றாள். அவளிடம் பேசியவர் யாரும் தன்னை முட்டாளென்று நினைத்துக்கொண்டு ஃபோனை வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் ஃபோனை வைக்க மறந்துவிட்டார். மேசைமேல் கிடந்த ரிசீவர் வழியாக எங்கோ நாற்காலிகள் நகர்வதும் ஆட்கள் பேசுவதும் கேட்டன. மருமகளின் விரல் பொத்தானுக்குப் போயிற்று.

"வெச்சுடாதேடி" என்றாள் என் மனைவி.

"தப்பு அத்தை."

"ஒரு நிமிஷம்டி."

அதற்குள் ஒரு பெண்ணின் குரல் வந்தது. "அப்பா! உங்க முடியை யாருப்பா வெட்டினது? ஒரு பக்கம் ஏறிப்போய் இருக்கு!"

"நானேதாம்மா. கண்ணாடியைப் பாத்து வெட்டிக்கிட்டேன்."

அந்த ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் பொத்தானை அழுத்திவிட்டு, லேப்டாப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

பேச்சை முடிக்கும்போது, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டாக வேண்டுமாம். ஏன் கேட்கவில்லை என்று மாலையில் மேலதிகாரி ஃபோனில் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவருக்கு வேற எதுவும் தேவைப்படல சார்" என்றாள்.