எல்ஃப் வீட்டில் சம்மதம் கேட்கும் முறை

எழுநூறு வருஷம் வாழ்கிற ஜனங்களுக்குக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு சேட்டன் சாயாக்கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அது கஃபே, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. நாங்கள் போனால் சாயாக்கடை. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாலு பேர் கூடி விளையாடுவோம்: சேட்டன், அவர் மனைவியான சேச்சி, நான், நான் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த ஆள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பேசுவோம். சண்டை, சாவு, காய்ச்சல் எல்லாவற்றையும் பகடை தீர்மானிக்கும். முப்பது தாண்டியவர்கள் செய்கிற காரியமா இது என்று என் அம்மா கேட்பாள். கல்யாணமாகாத பெண் கோவில் வாசலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினால் வயசுக்குத் தகும் போலிருக்கிறது.

கதை நடத்துகிறவன் நான் கட்டிக்கொள்வதாக இருந்த அவன்தான். அந்த வருஷம் எங்களை எல்ஃப்களின் காட்டுக்குள் கூட்டிப்போனான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எல்ஃப் என்றால் கூரான காது, மெலிந்த உடம்பு, சுருக்கம் விழாத முகம், எழுநூறு வருஷ ஆயுசு. மரத்துக்கு மரம் பாலம் கட்டிக்கொண்டு, நிலா வெளிச்சத்தில் பாட்டுப் பாடுவார்கள். வேலைக்குப் போனதாக எந்தக் கதையிலும் தகவல் இல்லை.

அவன் அந்த மரநகரத்தை வர்ணித்து முடித்ததும் நான் கேட்டேன். "இத்தனை பேர் மரத்து மேல இருக்காங்களே, கீழே யாரு கூட்டறது?"

"அவங்க இயற்கையோட சேர்ந்து வாழறவங்க."

"நானும் அந்த இயற்கையைப் பத்தித்தான் கேக்கறேன்."

சேச்சி சிரித்ததில் சாயா சிந்தியது. எனக்கு அது விளையாட்டுக் கேள்வி கிடையாது. என் அப்பா முனிசிபாலிட்டியில் ஓடை சுத்தம் செய்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பாவை அந்த வேலைக்கென்றே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள். ஓர் ஊர் பளிச்சென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், விடியற்காலையில் அங்கே யார் வந்து போகிறார்கள் என்றுதான் நான் யோசிப்பேன். எல்ஃப்களும் அடிவாரத்து மனிதக் குடும்பங்கள் சிலதைக் கொண்டுவந்து, காட்டின் ஓரத்தில் ஒரு காலனி கட்டிக் கொடுத்திருப்பார்கள், பாட்டுப் பாடும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்கள் என்றேன். அவன் பொறுமையாகத் தலையாட்டினான். எதற்கும் கோபப்படமாட்டான். அந்தக் குணத்தில் மயங்கித்தான் நான் அவனிடம் விழுந்தேன்.

அன்றிலிருந்து எல்ஃப்கள் எனக்கு ஒரு வியாதியாகிப் போனார்கள். தேவராவில் எனக்கு ஆபீஸ். காலையில் போட்டில் ஏறினால் பஸ் மாறி இறங்கும் வரைக்கும் இவர்கள் குடும்ப விவகாரம்தான். அப்பா எழுநூறு வருஷம் இருந்தால் மகனுக்குக் கடை எப்போது கைக்கு வரும்? ஒவ்வொரு கதையிலும் ஓர் எல்ஃப் வாலிபன் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறானே, அவனை வீரன் என்கிறார்கள். வீட்டில் அவனுக்கு உட்கார நாற்காலி காலியில்லை, அதுதான் விஷயம். நூற்றிருபது வயசில் அவன் இன்னும் பிள்ளை. அம்மா சோறு போட்டுவிட்டு, மீன் முள்ளைப் பார்த்துத் தின்னு என்பாள்.

பகையும் அப்படித்தான். தாத்தா காலத்துச் சண்டையை நாம் மறப்பதற்குத் தாத்தா போய்ச் சேர்வது பெரிய உபகாரம். அங்கே தாத்தா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். நானூறு வருஷத்துக்கு முன்னால் இரவல் போன அண்டாவின் நசுங்கல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் ஒரே வழிதான். யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்கக்கூடாது. கேட்டால்தானே இல்லை என்று சொல்ல நேரும்? இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை ஐந்நூறு வருஷம் சுமக்க வேண்டுமே. இதை அவனிடம் சொன்னேன். ரொம்பப் பிரமாதம், அப்படியே கதையில் வைத்துக்கொள்கிறேன் என்றான்.

வைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேஷங்கள் மூன்றும் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. நான் ஒரு மனிதக் கிராமத்துப் படகுக்காரி. எங்கள் ஊரில் காய்ச்சல். எல்ஃப் காட்டில் ஒரு மரத்தின் பட்டைதான் மருந்து. அதை வெட்டிக்கொள்ள மூத்தோர் சபையின் அனுமதி வேண்டும். எங்களுக்குப் பழமும் தேனும் கொடுத்து, விருந்தினர் மண்டபத்தில் உட்காரவைத்து, சபையின் சார்பில் ஒருவர் வந்து மிக இனிமையாகச் சொன்னார்: "பார்க்கலாம்."

ஐந்து வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற சொல் அது.

அவன் வீட்டார் கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருக்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரே வீடு, ஒரே சமையல், பெரியப்பா சொல்வதுதான் சட்டம். கல்யாணம், பாகம், வீடு மாற்றுவது, இப்படி எதையும் பெரியப்பாவிடம் யாரும் நேராகப் பேசமாட்டார்கள். காதில் போடுவார்கள். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த வீட்டிலேயே இருக்கும் அத்தையிடம் சொல்ல வேண்டும். அத்தை சமயம் பார்த்துப் பெரியம்மாவிடம் சொல்வாள். பெரியம்மா இன்னும் நல்ல சமயம் பார்த்துப் பெரியப்பாவின் காதில் போடுவாள். எங்கள் விஷயத்தை அவன் அத்தையிடம் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் அது கிணற்றில் போட்ட கல். எப்போது கேட்டாலும், "காதுல போட்டாச்சாம். பெரியப்பா பாக்கலாம்னு சொல்லியிருக்காராம்" என்பான்.

இந்த ஐந்து வருஷத்தில் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் நின்றுபோயின. அம்மா புலம்புவதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. எனக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, ஆசை இருந்தது, அதற்கு ஒரு வயசும் இருக்கிறது.

காட்டுக் கதை ஞாயிறு ஞாயிறாக நகர்ந்தது. "ரெண்டு வருஷம் போச்சு" என்பான் அவன், பக்கத்தைத் திருப்புகிற மாதிரி. சேட்டனின் வேஷத்துக்கு ஊரிலிருந்து வந்த காய்ச்சல் தொற்றியது. பகடை உருட்டினார், ஒன்று விழுந்தது, செத்துப்போனார். சேச்சியின் வேஷம் இது ஆகிற காரியமில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டது. என் படகுக்காரி மட்டும் மண்டபத்திலேயே இருந்தாள். தலை நரைத்தது. எல்ஃப்கள் மட்டும் அதே முகத்தோடு வந்து, பழம் வைத்து, சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிறு நான் கேட்டேன். "என் மனு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"கீழ்மரத்துப் பெரியவர்கிட்ட. அவர் நடுமரத்துல சொல்லணும்."

"சொன்னாரா?"

"நல்ல சமயம் பாத்துக்கிட்டிருக்கார்."

"அப்ப மேல்மரத்துக் கிழவருக்கு நான் வந்திருக்கறதாவது தெரியுமா?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வாரமாகக் காத்திருந்தான் போல. "தெரியாது!" என்றான்.

"அடிபொளி!" என்று சேட்டன் மேஜையைத் தட்டினார். சேச்சி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பெரியப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அத்தை சொல்லியிருப்பாங்க."

"நீ கேட்டியா அவங்ககிட்ட?"

"அதெப்படிக் கேக்கறது? கேட்டா சங்கடப்படுவாங்க."

சேச்சி எழுந்து, காலியாகாத கிளாஸ்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். அன்று அதற்குமேல் விளையாட்டு ஓடவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அரிசி மண்டிக்குப் போனேன். லாரி நின்றுகொண்டிருந்தது. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். கூரான காதெல்லாம் இல்லை. காதில் நிறைய முடி இருந்தது.

"எந்தா மோளே? சில்லறை வியாபாரம் இங்க இல்லையே."

"அரிசி வேண்டாம் சார். உங்க தம்பி மகனை நான் கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கேன், அஞ்சு வருஷமா. நீங்க பாக்கலாம்னு சொன்னீங்களாம். பாத்தாச்சான்னு கேக்க வந்தேன்."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்களும் பார்த்தார்கள்.

"என்கிட்ட யாரும் சொல்லலியே," என்றார். "அவனுக்குக் கல்யாணமே பிடிக்கலைன்னுல்லா நாங்க விட்டுட்டோம். கேட்டா பையன் சங்கடப்படுவான்னு கேக்கல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன். அப்பா யார் என்று கேட்டார். சொன்னேன். இங்கேதான் தடுக்கப் போகிறது, அத்தையின் வாயை அடைத்ததும் இதுதான் என்று ஐந்து வருஷத்துச் சண்டையையும் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன்.

"மழைக்காலத்துல இந்த ஓடைக்குள்ள இறங்கி நிப்பாரே, அவரா?"

"அவரேதான்."

வாசலோரத்து ஓடையை எட்டிப் பார்த்தார். "செரி. கட்டிக்கிட்டு வாழப் போறவங்க நீங்க. இதுல நான் என்னத்தப் பாக்கறது? ஓணத்துக்கு முன்னாடி மட்டும் வெச்சிடாதீங்க, லோடு வர்ற சமயம்." எனக்கு ஒரு சாயா சொல்லிவிட்டு லாரிக்காரரைத் திட்டப் போய்விட்டார். அவரைப் பெரிய மனசுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குக் கல்யாணத்தைவிட லோடு முக்கியமாக இருந்திருக்கலாம். ஐந்து வருஷக் காரியம் சாயா வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவனுக்குப் போன் செய்தேன். போட் ஜெட்டிக்கு ஓடி வந்தான். கட்டிப்பிடிக்காவிட்டாலும் ஒரு சிரிப்பாவது சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நேராவே போயிட்டியா? அத்தை என்ன நெனப்பாங்க? அவங்களைத் தாண்டிப் போன மாதிரி ஆச்சே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒன்னும் கெட்டுப்போகலை. நான் முதல்லேர்ந்து அத்தைகிட்ட சொல்றேன். அவங்க பெரியம்மாகிட்ட சொல்லட்டும். பெரியப்பா புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்குவார். கொஞ்ச நாள் விடு" என்றான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அத்தனை நாளும் அத்தையைத்தான் பூசாரி என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் நின்று அவனை நன்றாகப் பார்த்தேன். நாற்பதை நெருங்குகிறவன், ஒரு முடி நரைக்கவில்லை, நெற்றியில் ஒரு கோடு கிடையாது. நான் மாசாமாசம் தலைக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவசரம் என்ற ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிட, அவனைப் போய் இத்தனை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற வருத்தம்தான் அதிகம்.

அவன் சொன்னபடியே செய்தான். அத்தை, பெரியம்மா, பெரியப்பா என்று வரிசை தப்பாமல் ஏறி இறங்கி, ஓணமும் கழிந்த பிறகு ஒரு நாள் அதே ஜெட்டிக்கு என்னை வரச்சொன்னான். புதுச்சட்டை போட்டிருந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் சம்மதிச்சாச்சு," என்றான்.

"எல்லாரும்னா?"

"அத்தைக்கு சம்மதம். பெரியம்மாவுக்கு, பெரியப்பாவுக்கு, அப்பா அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, எல்லாருக்கும். உங்கப்பாகிட்டயும் ஆள் விட்டுக் கேட்டாச்சு, அவருக்கும் சந்தோஷந்தான்."

"என்னைக் கேக்கலியே."

"உன்னை என்ன கேக்கறது?" என்று சிரித்தான்.

"கேளேன்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். மாட்டேன் என்றேன். போட் வந்தது. ஏறி உட்கார்ந்து, எறணாகுளம் ஜெட்டி வரும்வரைக்கும் அழுதேன்.