படகுக்குள் உருண்டது

திருவண்ணாமலைக்குப் பக்கம் அடி அண்ணாமலைக் கிராமத்துச் சடையன் பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவர். சைக்கிளின் பின்னால் கரியடுப்பு, தட்டையான இரும்பு, கலர் கலராக உடைந்த வாளித் துண்டுகள். அடுப்பில் ஒரு சிட்டிகை திருநீறு போடாமல் இரும்பைக் காய்ச்ச மாட்டார். "எப்படி உடைஞ்சதும்மா?" என்று கேட்காமல் குடத்தைத் தொடவும் மாட்டார். யார் எதைக் கொடுத்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம். ஆசிரமத்துப் பக்கம் ஜோதியம்மாள் வீட்டில் குடியிருந்த வெள்ளைக்காரர் அவரைக் கூப்பிட்டார். கொல்லையில் நீலப் பிளாஸ்டிக் படகு ஒன்று கிடந்தது. நடுவில் ஒரு ஆள் உட்காரும் ஓட்டை. மூக்கும் வாலும் மூடியிருந்தன. ஏரிப் பாறையில் உரசி அடியெல்லாம் கீறல்.

"நல்லா மூடு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சடையன் படகைத் திருப்பினார். மூக்குக்குள் ஏதோ கடகடவென உருண்டது. கை விட்டுப் பார்த்தும் எட்டவில்லை.

ஜோதியம்மாள் கிட்டே வந்தாள். "கேட்டியாண்ணா? ரெண்டு மாசமா உருளுது. எங்கியோ கோயில்ல அம்மன் சிலை காணோம்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"அம்மாடி, மெதுவா பேசு."

"ஏரியில மீனா புடிக்கிறாரு? வெறுமனே சுத்தறதுக்கு ஒரு படகாம்!"

சடையன் படகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். போலீஸ் அடித்தால் வலி ஆறிவிடும். சாமியை உள்ளே வைத்து அடைத்த கையை எந்தச் சன்னதியில் கூப்புவது?

வெள்ளைக்காரரைக் கூப்பிட்டார். "ஐயா, மூக்கு மேல பாக்கத் தூக்கி நிறுத்துங்க. கீறலைப் பாக்கணும்." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

அவர் சிரித்தபடி தூக்கினார். உள்ளிருந்து உருண்டு வந்து விழுந்தது, குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம். கறுத்துக் காய்ந்து கல்லாகியிருந்தது.

"ஐயோ, நான்தான்!" ஜோதியம்மாள் வாயைப் பொத்தினாள். "ஆயுத பூஜைக்கு வெச்சேன். இதுவும் வண்டிதானேன்னு..."

சடையன் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளைக்காரர் பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"யார் வச்சது? செய்வினை?" டீக்கடையில் கற்ற வார்த்தை.

"ஐயய்யோ, நல்லதுக்குத்தாங்க!" என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் தலையாட்டினார், நம்பவில்லை. முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சடையனின் கைகளையே பார்த்தார். சடையன் பிசிறைச் சுரண்டினார், கரியை ஊதினார், வழக்கப்படி மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"அது என்ன?"

சடையன் பொட்டலத்தை மடித்து மடியிலேயே செருகிக்கொண்டார். அன்றைக்குத் திருநீறு இல்லாமலே இரும்பு காய்ந்தது.