ஏல நோட்டீஸ் எழுத்து

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்று அச்சான தாள்கள் நான்கும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கேட்டால் எடுத்துக் காட்டுவேன். நடந்தது ராத்திரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மூன்று மணிக்கு மேல்.

நானும் அண்ணனும் சேர்ந்து டைப்செட்டிங் கடை நடத்தினோம். வருகிறவர்களிடம் பேசுவது அண்ணன். கணினியில் எழுத்துக் கோப்பது நான். தம்பியும் இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகினான். பிறகு வேலை தேடி வேறு ஊருக்குப் போனான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு, அண்ணன் சொல்லச் சொல்ல அவனுக்கு ஒரு கடிதம் தட்டினேன். 'நடந்தது நடந்துவிட்டது. கோபம் எதுவும் இல்லை. ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.' அவ்வளவுதான். நல்ல வார்த்தைகள்.

ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏல அறிவிப்புகளுக்கென்று நாங்கள் வைத்திருந்த எழுத்துருவை எடுத்தேன். தடித்தது, கறுத்தது, முனைகளெல்லாம் வெட்டினாற்போல் இருக்கும். வரியோடு வரியை ஒட்டினேன். ஓரத்தில் இடமே விடவில்லை. பிரித்த மாத்திரத்தில் முகத்தில் அறைய வேண்டும் என்று கோத்தேன். அண்ணன் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டார்.

தம்பி ஒரே ஒரு தடவை போன் செய்தான். "ஏல நோட்டீஸ் கெடச்சுது" என்றான். வைத்துவிட்டான்.

"நான் என்னம்மா தப்பாச் சொல்லிட்டேன்?" என்று அண்ணன் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடம்.

போன மாதம் அண்ணனும் போய்விட்டார். தகவல் சொல்லியும் தம்பி வரவில்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன். அவனை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஞாயிறு கடையைத் திறந்தேன்.

மணி 3.10. தம்பிக்குப் புதிதாக ஒரு கடிதம் கோக்க, இருப்பதிலேயே மெல்லிய எழுத்தாகப் பார்த்து எடுத்தேன். உருண்டையான, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற எழுத்து. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம். சுற்றிலும் அகல ஓரம். வார்த்தைகளைப் படிக்கும் முன்பே மனசு இளக வேண்டும். கீழே, 'உன் அக்கா.'

3.22. முதல் தாள். திரையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. டோனர் கோளாறு என்று நினைத்தேன்.

3.29. இரண்டாவது தாள். ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். நான் கொடுத்தது ஒன்றரை அங்குலம். தாளில் முக்கால்தான் இருந்தது. வரிகள் நெருங்கியிருந்தன. திரையில் எதுவும் மாறவில்லை.

3.36. மூன்றாவது தாளைக் கையில் எடுத்தபோது, பக்கத்துக் கடை பைண்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் ஓயாத மனிதர்.

"என்னக்கா, ஞாயித்துக்கெழமையும் தொழிலா?" என்றவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "யாரு வீட்டக்கா ஏலம் விடப் போறீங்க?"

குனிந்து பார்த்தேன்.

அதே எழுத்து.

"இது... தம்பிக்கு எழுதுன லெட்டரு" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "இதப் பாத்தா எவன்க்கா வருவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த எழுத்துரு இந்தக் கணினியில் கிடையாது. பழைய கணினியை விற்றபோதே போய்விட்டது. தேடிப் பார்த்தேன். இல்லை.

3.41. பின்னால் அண்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ சாய்ந்து உட்காருகிற சத்தம்.

திரும்பினேன். காலி.

"அண்ணே..." என்றேன். "தப்பு எம்மேலதான். அவன் வரட்டும்ணே. விட்டுருங்க."



பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது.

3.47.

டிக்... டிக்... டிக்...

விளக்கு எரியவில்லை. உருளை சுற்றியது.

தாள் வந்தது... மெதுவாக... தலைகீழாக.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முழுப் பக்கமும் கறுப்பு.

அடியில் மட்டும் படிக்க முடிந்தது.

உன் அக்கா.

உள்ளங்கை அகலத்துக்கு.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் எழுத்து புடைத்துக்கொண்டிருந்தது. லேசர் பிரிண்டர் அப்படி அழுத்தாது. நகத்தால் கீறினாற்போல் இருந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து, கையாலேயே எழுதினேன். மறுநாள் காலை தபாலில் போட்டேன். அண்ணன் ஏன் இப்படித் தடுக்கிறார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். உயிரோடிருந்தவரை, அவன் வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

வியாழக்கிழமை காலை 11.15. புது நம்பர். தம்பி குடியிருந்த வீட்டுக்காரம்மா.

"ஒங்க லெட்டரு வந்திருக்கும்மா. கவர்ல நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிடுறேன். யாருக்குச் சொல்றதுன்னே தெரியாம தவிச்சுட்டோம். அவரு போனும் பூட்டிக் கெடக்கு..."

எனக்குப் புரிந்துவிட்டது. "என்னைக்கு?" என்றேன்.

"போன வியாழன். இன்னையோட எட்டு நாளாச்சு. தூக்கத்துலயே போயிட்டாரு."

நான் கடையைத் திறந்த ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்பு.

"அண்ணன் மேல கோவத்தோடயே போயிட்டானா?" என்று கேட்டேன்.

"அண்ணன் மேலயா? சேச்சே! அண்ணன்னா அவருக்கு உசுரும்மா. சாவுக்கு வராததுக்குக்கூட நான் திட்டுனேன்." அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். "பழைய லெட்டரு ஒண்ணு வச்சிருப்பாரு. அத எடுத்துப் பாக்குறப்பெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாரு. 'வார்த்தை எங்கண்ணனோடது, எழுத்து எங்கக்காவோடது. அவ இருக்குற வீட்டுக்கு நான் போக மாட்டேன்'னு."